தையல் வலி, ஊசி வலி: மருந்தோடு சேர்த்துச் செவிலியர் தர வேண்டியவை

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த ஒருவரின் கேஸ் ஷீட்டில் வலிமருந்தின் பெயர், அளவு, எந்த வழியில், எத்தனை மணிக்கு என்ற நான்கும் தெளிவாக இருக்கும். மருந்தில்லாத பராமரிப்பைப் பற்றி அதில் ஏதாவது எழுதியிருந்தால், 'ஆறுதல் கூறப்பட்டது', 'வசதியாகப் படுக்க வைக்கப்பட்டது' என்பதோடு முடிந்துவிடும். எப்படிப் படுக்க வைத்தார்கள், எத்தனை நிமிடம், அதற்கு முன் வலி எவ்வளவு, பின்னர் எவ்வளவு என்பது இருக்காது. இந்த முறைகளால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் வார்டுகளில் ஊறிப்போனதற்கு இதுவே முக்கியக் காரணம். அளவும் நேரமும் பார்க்காமல் கொடுத்தால் நல்ல வலிமாத்திரைகூடத் தோற்றுத்தான் போகும்.

செவிலியர் பாடத்தில் கடும் வலி என்பது திடீரென்றோ படிப்படியாகவோ தொடங்கி, 3 மாதத்துக்குள் முடியக்கூடிய வலி. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, சுளுக்கு, தீப்புண், பிரசவம், ஊசி என அதற்குக் காரணம் பெரும்பாலும் கண்முன்னே இருக்கும். இங்கே இரண்டை மட்டும் விரிவாகப் பார்க்கலாம்: வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் முதல் மூன்று நாள் வலி, குழந்தைகளின் ஊசி வலி. இரண்டிலும் செவிலியரின் கைக்கு நிறைய வேலை இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிசேரியனோ குடல் அறுவையோ முடிந்து மயக்கம் தெளிந்தவரிடம், மருந்தைத் தள்ளிப்போட்டுவிட்டு 'மூச்சை இழுத்து விடுங்கள், சரியாகிவிடும்' என்று சொல்வது கொடுமை. மருந்தில்லா முறைகள் மருந்துக்குத் துணை நிற்பவை. மருந்து வலியைத் தாங்கும் அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, எழுந்து உட்காரவும் இருமவும் நடக்கவும் இவை உதவும். அந்த மூன்றையும் செய்யாதவர்களுக்குத்தான் நுரையீரலில் சளி தேங்குவதும், காலில் ரத்தம் உறைவதும், குடல் இயக்கம் தாமதமாவதும் அதிகம்.

எப்படி வேலை செய்கிறது

1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 'வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு' ஒன்றை முன்வைத்தார்கள். வலிச் செய்தி மெல்லிய நரம்பு நார்கள் வழியாகத் தண்டுவடத்துக்கு வருகிறது. அதில் மிக மெல்லியவையான சி வகை நார்களின் வேகம் நொடிக்கு 2 மீட்டர்கூட இராது. தொடுதல், அழுத்தம், அதிர்வு ஆகியவை தடித்த நார்களில் நொடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வருகின்றன. இரண்டும் தண்டுவடத்தின் பின்பகுதியான பின்கொம்பில் சந்திக்கின்றன. தொடு செய்தி பலமாக வந்தால், அங்குள்ள இடைநரம்புகள் வலிச் செய்தி மேலே போவதைக் குறைக்கின்றன. முட்டி இடித்தால் கை தானாகப் போய்த் தேய்ப்பது இதனால்தான். கோட்பாட்டின் நுணுக்கங்கள் பிற்பாடு பல இடங்களில் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்திருக்கிறது.

இரண்டாவது வழி மூளையிலிருந்து கீழே இறங்குவது. நடுமூளையின் ஒரு பகுதியிலிருந்து புறப்படும் நரம்புகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை அடக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். கவனம் வேறிடத்தில் இருந்தால், பயம் தணிந்தால், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் அடக்கும் பக்கம் ஓங்கும். பயமும் தூக்கமின்மையும் தனித்து விடப்பட்ட உணர்வும் கூட்டும் பக்கத்துக்கு வலு சேர்க்கும். இரவு 2 மணிக்கு அதே தையல் கூடுதலாக வலிப்பதற்கு இதில் பெரும் பங்கு உண்டு.

மூன்றாவது வழி மிக எளிமையானது, அதனாலேயே மறக்கப்படுவது: புண்ணை இழுக்கும் விசையைக் குறைப்பது. படுக்கும் நிலை, தாங்கிப் பிடித்தல், எழும் முறை எல்லாம் இதில் அடங்கும். வயிற்று அறுவையில் மற்ற எந்த முறையையும்விட உடனே பலன் தெரிவது இதில்தான்.

முதலில் எண், பிறகு காரணம்

'வலி என்பது அதை அனுபவிப்பவர் எதைச் சொல்கிறாரோ அதுதான்' என்ற கருத்தை மார்கோ மெக்காஃபரி 1968-இல் செவிலியர் கல்விக்குள் கொண்டுவந்தார். ஆகவே கேட்க வேண்டும். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மோசமான வலி. இந்த அளவுகோல் பழக்கமில்லாத வயதானவர்களிடம் காசுக் கணக்கில் கேட்கலாம். 'நேத்து ஒரு ரூபா வலி இருந்துச்சுன்னா இப்ப எத்தனை காசும்மா?' என்றால் உடனே பதில் வரும். 'பத்துக் காசுகூடக் குறையலை' என்பது நம் நோயாளிகள் தாமாகவே சொல்லும் வாக்கியம்தான்.

இருமுறை கேட்க வேண்டும்: அசையாமல் படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போது அல்லது திரும்பும்போது எவ்வளவு. பெரும்பாலான வார்டுகளில் முதல் கேள்வி மட்டுமே கேட்கப்படுகிறது. 'படுத்தா ஒண்ணும் இல்லை' என்றவரை விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டால், அவர் வலிக்குப் பயந்து மூன்று நாளும் மூச்சை மேலோட்டமாக விட்டபடி படுத்திருப்பது தெரியாமலே போகும். அசைவின்போதுள்ள எண்தான் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டிய எண்.

பேச முடியாதவர்களிடம் முகம், கால், உடலசைவு, அழுகை, சமாதானமாகும் தன்மை ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறை 2 மாதம் முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பயன்படுகிறது. ஏறக்குறைய 3 வயதுக்கு மேல் முகப் படங்களைக் காட்டிக் கேட்கலாம்.

எண் கிடைத்ததும் ஒத்தடப் பையைத் தேடக் கூடாது. படுக்கையை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா? சிறுநீர்க் குழாய் உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறதா? வடிகுழாயின் பை கட்டில் ஓரத்தில் தொங்கித் தையலை இழுக்கிறதா? சலைன் ஏற்ற வென்ஃப்ளான் ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா? பிளாஸ்டர் தோலைச் சுருட்டி இழுக்கிறதா? விரிப்பு ஈரமாக இருக்கிறதா? அடிவயிற்று வலி 7 என்று சொன்னவருக்கு மடங்கிய குழாயை நேராக்கியதும் 3-க்கு இறங்குவது வார்டில் அடிக்கடி நடப்பது. வலிமருந்து எவ்வளவு கொடுத்தாலும் அந்த வலி போயிருக்காது.

எழுவது, திரும்புவது, இருமுவது

சிசேரியன் முடிந்த பெண்ணை முதல் முறை எழுப்பும்போது வீட்டார் செய்யும் வழக்கமான உதவி, இரு கைகளையும் பிடித்து முன்னால் இழுப்பது. அப்படி இழுத்தால் மல்லாந்த நிலையிலிருந்து தலையும் தோளும் உயரும். அதற்கு வயிற்றின் நடுத்தசைகள் முழு பலத்தோடு சுருங்க வேண்டும். தையல் போட்டிருப்பது அந்தச் சுவரில்தான். அந்த ஒரு இழுப்பில் வரும் வலிக்குப் பயந்து மறுநாள் எழவே மறுப்பவர்கள் பலர்.

சரியான வரிசை இது. முதலில் இரு முழங்கால்களையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பாதங்களை மெத்தையில் ஊன்ற வேண்டும். இதனாலேயே வயிற்றுச் சுவர் தளரும். ஒரு கை தையலின் மேல் மடித்த துண்டைப் பிடித்திருக்கட்டும். பிறகு தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒன்றாக நகரும்படி பக்கவாட்டில் உருள வேண்டும். இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. கட்டிலின் விளிம்புக்கு வந்ததும் கால்களைக் கீழே தொங்கவிட்டு, அதே நேரத்தில் கீழ்ப்பக்க முழங்கையையும் மேல்பக்க உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி எழ வேண்டும். கால்களின் பாரமே உடம்பை நிமிர்த்த உதவும். எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறித் தையல் இழுக்கும். உட்கார்ந்ததும் 2, 3 நிமிடம் அப்படியே இருக்கட்டும். தலைசுற்றல் இல்லையென்றால் நிற்கலாம்.

உதவி செய்பவரின் கை நோயாளியின் தோள்பட்டைக்குப் பின்னாலும் முழங்காலுக்கு வெளியிலும் இருக்க வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் கூடாது.

இருமுவதற்குத் தலையணை அணைப்பு. சிறிய, கெட்டியான தலையணை வேண்டும். மெத்தென்ற பஞ்சுத் தலையணை அமுங்கிவிடுவதால் பயனில்லை. அது கிடைக்காவிட்டால் குளியல் துண்டை நான்காக மடித்து, தையலின் நீளத்தைவிட இரு பக்கமும் சற்று நீண்டிருக்குமாறு வைக்கலாம். சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, மெதுவாக 3 முறை மூச்சை இழுத்துவிட வேண்டும். நான்காவது மூச்சை முழுதாக இழுத்து, இருமுவதற்கு ஒரு கணம் முன்னால் இரு கைகளாலும் தலையணையைத் தையலின் மேல் அழுத்த வேண்டும். பலர் இருமல் வந்த பிறகே அழுத்துகிறார்கள். அதற்குள் வயிற்றுச் சுவர் வெளியே தள்ளப்பட்டு வலி வந்துவிடுகிறது. முழு இருமல் முடியாதவர்கள் கண்ணாடியில் ஆவி படர ஊதுவதுபோல் வாயைத் திறந்து 'ஹா' என்று வேகமாக விட்டாலும் சளி மேலேறும். விழித்திருக்கும் நேரத்தில் 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை போதும்.

இதையெல்லாம் மருந்தின் நேரத்தோடு பொருத்த வேண்டும். வாய்வழி பாராசிட்டமால் ரத்தத்தில் உச்ச அளவை எட்ட அரை மணி முதல் 1 மணி நேரம் ஆகும். 9 மணிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு 9.05-க்கு நடக்க வைத்தால் மருந்தும் வீண், நடையும் வீண். மாத்திரை கொடுத்த 45 நிமிடம் கழித்து எழுப்பி, காயம் துடைத்துக் கட்டுவதையும் அந்த நேரத்திலேயே வைத்துக்கொண்டால், அதே மருந்துக்கு இரு மடங்கு வேலை வாங்கலாம்.

வயிற்றைச் சுற்றிக் கட்டும் இடுப்புப் பட்டை நடக்கும்போது பலருக்கு நல்ல பிடிமானம் தரும். இரண்டு விரல் உள்ளே நுழையும் அளவு தளர்வு இருக்க வேண்டும். படுக்கும்போது கழற்றிவிடலாம். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கிக் கட்டினால் வயிறு சீக்கிரம் உள்ளே போகும் என்பது வெறும் நம்பிக்கை.

லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியே செய்யும் அறுவை) செய்துகொண்டவர்கள் தோள்பட்டை வலியைச் சொல்லும்போது பலர் குழம்புவார்கள். வயிற்றுக்குள் செலுத்திய கரியமில வாயுவின் மிச்சம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பு கழுத்துத் தண்டுவடத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரிகிறது. காரணத்தைச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும். சிறிது நடப்பதும், வசதிப்படும் பக்கமாகத் திரும்பிப் படுப்பதும் உதவும். ஒன்றிரண்டு நாளில் வாயு உறிஞ்சப்பட்டுவிடும். நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ சேர்ந்து இருந்தால் மட்டும் இதை வாயுவின் கணக்கில் எழுதிவிடாமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

மூச்சு, தாடை, பாட்டு

மெதுமூச்சுக்கு அளவு: 4 நொடி மூக்கால் இழுத்து, 6 நொடி உதட்டைக் குவித்து விடுவது. நிமிடத்துக்கு 6 முறை, தொடர்ந்து 5 நிமிடம். செவிலியர் கூடவே எண்ணினால் முதல் முறையிலேயே பிடிபடும். 'ஆழமாக மூச்சு விடுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் வலியில் இருப்பவர் வேகவேகமாக ஆழ மூச்செடுப்பார். அதனால் கரியமில வாயு குறைந்து விரல் நுனியும் உதட்டோரமும் சிலிர்க்கும், தலை சுற்றும், பயம் கூடும். அப்படியானால் எண்ணிக்கையைக் குறைத்து, விடும் மூச்சை மட்டும் நீட்டச் சொல்ல வேண்டும்.

வலியில் இருப்பவர் தம்மை அறியாமல் பல்லைக் கடித்திருப்பார். கீழ்த்தாடையைச் சற்றே தொங்கவிட்டு, நாக்கை அசைக்காமல் கீழே படியவைத்து, உதட்டைத் தளர்த்தி, சொற்களை நினைப்பதைக்கூட நிறுத்தச் சொல்லும் தாடைத் தளர்வு முறை மிக எளிமையானது. வயிற்று அறுவை செய்துகொண்ட 500 பேரை வைத்து 1999-இல் மரியன் குட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தாடைத் தளர்வு, இசை, இரண்டும் சேர்ந்தது என மூன்று பிரிவினருக்குமே, வழக்கமான மருந்து மட்டும் பெற்றவர்களைவிட முதல் இரண்டு நாள்களில் வலி குறைவாக இருந்தது. அறுவைக்கு முந்தைய நாளே கற்றுக்கொடுத்துவிட வேண்டும். வலி 8-இல் இருக்கும்போது புதிதாக எதையும் கற்க முடியாது.

இசைக்குச் சான்று இன்னும் வலுவானது. 73 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, அறுவைக்குப் பின் இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் வலிமருந்துத் தேவையும் குறைந்ததாகக் காட்டியது. எந்தப் பாட்டு என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும்: பழைய சினிமாப் பாட்டோ, பக்திப் பாடலோ, நாதஸ்வரமோ. 20 முதல் 30 நிமிடம், நிதானமான தாளம், பக்கத்துப் படுக்கைக்குக் கேட்காதபடி இயர்போனில், பேச்சுக் குரலைத் தாண்டாத ஒலியில். பாட்டைப் போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். நேரடியாக இணையத்தில் ஓடவிட்டால் கண் அயரும் நேரத்தில் விளம்பரம் அலறி எழுப்பிவிடும். ஒரு காதையாவது திறந்து வைப்பது நல்லது; செவிலியர் கூப்பிடுவது கேட்க வேண்டும்.

ஜன்னலோரப் படுக்கை காலியாக இருந்தால் அதிகம் வலியுள்ளவருக்குக் கொடுங்கள். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடக் குறைந்த நாளே தங்கினார்கள், வீரியமான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள் என்று 1984-இல் ரோஜர் உல்ரிச் எழுதினார். 46 பேர் மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு. ஆனாலும் செலவில்லாத காரியம்.

கை, பாதம் நீவுதலுக்கு ஒவ்வொரு கைக்கும் பாதத்துக்கும் 5 நிமிடம், மொத்தம் 20 நிமிடம் என்பது சிசேரியன் ஆய்வுகளில் வழக்கமான அளவு. சிறிது எண்ணெய், நிதானமான அழுத்தம், விரல் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கி. கெண்டைக்காலைத் தொடவே கூடாது. பிரசவத்துக்கும் பெரிய அறுவைக்கும் பின் காலின் ஆழமான ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. நீவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கெண்டைக்கால் வலியும் வீக்கமும் ஒரு காலில் மட்டும் இருந்தால் நீவுவதற்குப் பதில் மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும்.

ஒத்தடத்தில் நடக்கும் தவறுகள்

இந்த முறைகளிலேயே நேரடியாகக் காயம் விளைவிக்கக்கூடியது ஒத்தடம். எனவே இதை மருந்து கொடுப்பதற்குரிய கவனத்தோடே செய்ய வேண்டும்.

குளிர் ஒத்தடம் புதிய சுளுக்கு, வீக்கம், பிரசவத் தையல், மூட்டு அறுவைக்குப் பிந்தைய வீக்கம் ஆகியவற்றுக்கு ஏற்றது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் கட்டுப்படுத்தும், நரம்புச் செய்தியின் வேகத்தைக் குறைக்கும். பையில் பாதி ஐஸ் துண்டும் பாதி தண்ணீரும் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டினால் உடம்பின் வளைவுக்கு ஏற்பப் படியும். வெறும் ஐஸ் போட்டால் கூர்முனைகள் குத்தும், தொடும் பரப்பும் குறையும். ஈரமான மெல்லிய துணியால் சுற்றி 10 முதல் 20 நிமிடம் வைக்கலாம். 5 நிமிடத்தில் ஒரு முறை துணியைத் தூக்கித் தோலைப் பார்க்க வேண்டும். முதலில் சில்லென்றும், பிறகு எரிவது போலவும், அதன்பின் கடுப்பாகவும், கடைசியில் மரத்தும் போகும். மரத்ததும் எடுத்துவிட வேண்டும். தோல் வெளுத்தாலோ திட்டுத்திட்டாகச் சிவந்தாலோ நேரம் ஆகாவிட்டாலும் எடுக்க வேண்டும். பிரசவத் தையலுக்குக் கையுறையில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, கட்டுத்துணியில் சுற்றி 10 நிமிடம் வைப்பது எளிதான வழி.

காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்தவர்கள், குளிரில் விரல் வெளுத்துப்போகிறவர்கள், அரிவாள் அணு ரத்தச்சோகை உள்ளவர்கள் ஆகியோருக்குக் குளிர் ஒத்தடம் கூடாது. தீப்புண்ணில் ஐஸ் வைப்பதும் கூடாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். சுட்டு 3 மணி நேரம்வரை இதனால் பலன் உண்டு. பற்பசை, மை, மாவு எது தடவினாலும் மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும் வலிதான் மிஞ்சும்.

சூடான ஒத்தடம் தசைப் பிடிப்புக்கும் முதுகு, கழுத்து இறுக்கத்துக்கும் நல்லது. பையை மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி, தலைகீழாகக் கவிழ்த்து ஒழுகுகிறதா என்று பார்த்து, துணி சுற்றி, செவிலியர் தம் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே நோயாளிக்கு. 15 முதல் 20 நிமிடம். பையின் மேல் நோயாளியைப் படுக்க வைக்கக் கூடாது. உடம்பின் பாரம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவதால் சூடு அங்கேயே தங்கிச் சுட்டுவிடும்.

மிகவும் வருந்தத்தக்க காயம், முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்த பெண்ணுக்கு நேர்வது. அறுவை அரங்கிலிருந்து நடுங்கிக்கொண்டு வருவார். 'கால் ஜில்லுன்னு இருக்கு' என்று பதறி, கூட இருப்பவர்கள் வெந்நீர் பாட்டிலைப் பாதத்தில் வைப்பார்கள். அவருக்கு உணர்ச்சி திரும்பச் சில மணி நேரம் ஆகும். கொப்புளம் எழும்வரை தெரியாது. கம்பளியும் சூடேற்றிய போர்வையும் மட்டும் போதும் என்பதை வார்டுக்கு வந்த உடனே கூட இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.

காரணம் தெரியாத வயிற்று வலிக்குச் சூடு கூடாது. குடல்வால் அழற்சியாக இருந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. அடிபட்ட முதல் 48 மணி நேரமும் சூடு வேண்டாம். வலித்தைலம் தேய்த்த இடத்தில் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துவிடும். வீரியமான வலிமருந்தான ஃபென்டனில் ஒட்டுப்பட்டை ஒட்டியிருப்பவருக்கு அருகில் சூடு பட்டால் மருந்து அதிகமாக உறிஞ்சப்பட்டு மூச்சு மந்தமாகலாம்.

மாவுக்கட்டு போட்ட காலில் வலி கூடிக்கொண்டே போய், கால்விரலை நாம் மெல்ல நிமிர்த்தினாலே துடித்தால், உயர்த்தி வைப்பதும் ஐஸ் வைப்பதும் கெடுதல். தசையை மூடிய உறைக்குள் அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் போவது தடைப்படும் நிலை அது. காலை இதய மட்டத்துக்கு இறக்கி, கட்டை உடனே பிளக்க மருத்துவரை அழைக்க வேண்டும். இதை மூச்சுப் பயிற்சியால் தணிக்க முயன்று கடக்கும் ஒவ்வொரு மணியும் அந்தக் காலுக்கு நஷ்டம்.

எழுதுவதும் சொல்லித் தருவதும்

இந்த முறைகளை எழுதினால் இப்படி இருக்க வேண்டும்: 'காலை 10.10, படுக்கையில் வலி 3, இருமும்போது 8. தலையணை அணைப்பு கற்றுத்தரப்பட்டது, மெதுமூச்சு 5 நிமிடம். 10.40, படுக்கையில் 2, இருமும்போது 5. மூன்று முறை இருமினார், சளி வந்தது.' பொதுவாக 2 எண்ணோ, 30 சதவீதமோ குறைந்தால் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும். அரை மணியில் எதுவும் குறையாவிட்டால் அடுத்த வேளை மருந்துக்குக் காத்திராமல் மருத்துவரிடம் பேச வேண்டும். இந்த எண்கள் இல்லாமல் அந்தப் பேச்சுக்கு வலு கிடையாது.

ஒரே செவிலியர் பல படுக்கைகளைப் பார்க்கும் பொதுப் பிரிவில் ஒவ்வொருவர் பக்கத்திலும் 20 நிமிடம் நிற்க முடியாது என்பது உண்மை. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாவோ அக்காவோ கணவரோ இருக்கிறாரே, அவருக்கு 5 நிமிடத்தில் எழுப்பும் முறையையும் தலையணை அணைப்பையும் காட்டி, 'இப்ப நீங்க செஞ்சு காட்டுங்க' என்று ஒரு முறை பார்த்துவிட்டால் இரவு முழுக்க அந்த வேலை நடக்கும். மதிப்பிடுவது, ஒத்தடத்துக்கு அனுமதிப்பது, அபாய அறிகுறி பார்ப்பது மூன்றும் செவிலியர் பொறுப்பிலேயே இருக்க வேண்டும்.

குழந்தையும் ஊசியும்

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் ஒரே வருகையில் பல ஊசிகள் விழுகின்றன. இங்கே மருந்தில்லா முறைகள் துணை என்ற இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்துவிடுகின்றன; சில நொடி வலிக்கு யாரும் மருந்து எழுதப்போவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரையில் உள்ள பலவும் காசில்லாதவை. சொட்டு மருந்துகளை முதலில் கொடுத்துவிட்டு, ஊசிகளில் அதிகம் வலிக்கக்கூடியதைக் கடைசியில் போட வேண்டும். முதல் ஊசியே வலித்தால் மற்றவையும் கூடுதலாக வலிக்கும். தசையில் குத்திய பிறகு ரத்தம் வருகிறதா என்று பின்னிழுத்துப் பார்ப்பது தடுப்பூசிக்குத் தேவையில்லை. தொடையின் வெளிப்பக்கத்தில் பெரிய ரத்தக் குழாய் இல்லை, இழுக்கும் நேரம் முழுக்க ஊசி உள்ளே அசைந்து வலிக்கிறது. குழந்தையை மேசையில் கிடத்திக் காலைப் பிடிப்பதைவிடத் தாயின் மடியில் அணைத்து வைப்பது மேல்.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது. ஊசிக்குச் சில நிமிடம் முன்பே தொடங்கி, வாய் நன்றாகப் பற்றியதை உறுதிசெய்து, போடும்போதும் போட்ட பின்னும் தொடர வேண்டும். 'புரையேறிவிடும்' என்று தாயைப் பால் நிறுத்தச் சொல்வது பல மையங்களில் உள்ள பழக்கம். ஊசியின்போது பாலூட்டுவது பாதுகாப்பானதென்று அதே பரிந்துரையின் பின்னணி ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊசி போட்ட இடத்தைக் கசக்கித் தேய்க்க வேண்டாம். பஞ்சால் மெல்ல அழுத்தினால் போதும்.

நடக்கும் வயதுக் குழந்தைக்குக் குமிழி ஊதுவதோ காற்றாடி ஊதுவதோ இரட்டைப் பலன் தரும்: கவனம் திரும்புகிறது, வெளிமூச்சும் நீள்கிறது. ஊசி எடுப்பதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அழ ஆரம்பித்த பிறகு பொம்மையைக் காட்டினால் பொம்மையைக் கண்டாலும் அழும். 'வலிக்கவே வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரிதான்' என்று சொல்லாதீர்கள். வலித்துவிட்டால் அடுத்த புதன்கிழமை வாசலிலேயே அலறும். 'பயப்படாதே பயப்படாதே' என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் குழந்தைக்குக் கேட்கிறது. 'இப்ப போடப் போறேன் தங்கம், காற்றாடியை வேகமா சுத்த வை பார்ப்போம்' என்பது நேர்மையாகவும் இருக்கிறது, வேலையும் கொடுக்கிறது.

பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது, தாயின் வெற்று மார்பில் 10 முதல் 15 நிமிடம் முன்பே கிடத்தியிருந்தால் அழும் நேரம் குறைகிறது. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-இல் எடை குறைந்த குழந்தைகளுக்காகத் தொடங்கிய கங்காரு முறைதான் இது. தாய் அருகில் இல்லாதபோது கை, கால்களை மடக்கி உடம்போடு சேர்த்து இரு உள்ளங்கைகளால் பொதிந்து பிடிக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 24 சதவீதச் சர்க்கரைக் கரைசலைச் சில துளிகள் நாக்கின் நுனியில் விட்டு, 2 நிமிடம் கழித்துக் குத்துவார்கள். அது அளந்து, எழுதி, மருத்துவ உத்தரவோடு தரப்படுவது. வீட்டில் சேனை வைப்பதுபோல் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தருவதற்கு அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமி வித்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும்.